மாடி சோலார்: ஒன்றே முக்கால் வருஷத்துக்குப் பிறகு

தொண்டியில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் நேற்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "மாப்ள, சோலாருக்கு ஜிஎஸ்டி 12-லேருந்து 5 ஆயிருச்சாமே, விலை இறங்கியிருக்குங்கிறாங்க. உன் வீட்ல போட்டு ரொம்ப நாளாச்சே, எப்படிப் போகுது? நானும் போடலாமா?" வரி இறங்கியது 2025 செப்டம்பரில். இவனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. சரி, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் எல்லோருக்கும் சோலார் ஞாபகம் வரும்.

இவனோடு சேர்த்து நாலு பேர் கேட்டாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாட்டுப் பாடுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதுவதற்கு இன்று தோதான நாளும்கூட. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை. மாடியில் பேனலுக்கு அடியில் நிழலில் சேரைப் போட்டு உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் 41 சதவீதம்.

தலைக்கு மேல் சோலாரை வைத்துக்கொண்டு சார்ஜுக்கு ஏன் அழுகிறாய் என்று கேட்கிறீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி கிடையாது. 2024 ஜூனில் மாட்டினோம். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் பேங்க் கணக்குக்கே வந்து சேர்ந்தது. எந்த பிராண்ட், எத்தனை வருஷம் வாரண்டி என்பதெல்லாம் நெட்டில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. இன்வெர்ட்டர்.

நம் ஊரில் "வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு" என்றால் என்ன அர்த்தம்? கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும், ரெண்டு லைட் எரியும் என்று அர்த்தம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் கனமான பேட்டரி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர். இதைத்தான் இருபது வருஷமாக அந்தப் பெயரால் கூப்பிடுகிறோம். சோலார் விற்க வந்த தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா என்ன ஆகும்?" அவர் சொன்னது: "சார், இன்வெர்ட்டரோடதான் சார் வருது." பொய் சொல்லவில்லை. இன்வெர்ட்டரோடுதான் வந்தது. பேனலிலிருந்து வரும் டிசி கரண்டை வீட்டுக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் பெட்டிக்கும் அதே பெயர்தான். நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை என்பது எனக்குப் புரிய ஒரு மாசம் ஆயிற்று.

அந்த ஒரு மாசத்துக்குள் நான் செய்த காரியத்தை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். "அதான் சோலார்ல இன்வெர்ட்டர் வருதே" என்று பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எடைக்குப் போட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் பதினோரு மணி. வெயிலில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது. கீழே என் மனைவி மோட்டார் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது. நான் சிரித்துக்கொண்டே, "இரு, சோலார் எடுத்துக்கும்" என்றேன். எடுத்துக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு, திரையில் "நோ கிரிட்", அதாவது லைனில் கரண்ட் இல்லை. போன் போட்டேன். "ஆமா சார், இது ஆன்கிரிட். லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் ஓடும். சேஃப்டி சார்." அம்மா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏன்டா தம்பி, சூரியனுக்குமா கரண்ட் கட்டு?"

காரணம் நியாயமானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். லைனை அணைத்துவிட்டு கம்பத்தில் ஒருவர் ஏறி வேலை செய்யும்போது, என் மாடியிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால் லைனில் மின்னழுத்தம் இல்லை என்று தெரிந்த உடனே இந்தப் பெட்டி தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். அதோடு, லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தாளத்துக்கு ஒத்துத்தான் இது தன் கரண்டையும் ஓட்டுகிறது. தாளம் நின்றால் இதற்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வரும் லைன்மேன் அண்ணனிடம் ஒரு நாள் புலம்பினேன். "தம்பி, நீங்க மாடியில காய்ச்சுற கரண்ட் கம்பத்துக்கு வந்துச்சுன்னா நான் அங்கேயே கருவாடு" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? அன்றிலிருந்து அந்தப் பாதுகாப்பு மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் விற்றதன் மேல்தான் கோபம்.

கோபம் இல்லை என்று சொல்கிறேனே தவிர, பராமரிப்பு நாளில் அது வந்துவிடுகிறது. பேப்பரில் "நாளைய மின்தடை" என்று போடும் நேரத்தைப் பாருங்கள். சூரியன் தீவிரமாக வேலை பார்க்கும் எட்டு மணி நேரம் அப்படியே அதற்குள் அடங்கிவிடுகிறது. வேலை செய்கிறவர்களுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், என் பேனலுக்கும் அதே வெளிச்சம்தான் வேண்டும். மேகமில்லாத நாளில் பன்னிரண்டு யூனிட் எடுக்கும் சோலார் இன்று காலை ஒன்றரை யூனிட் எடுத்துவிட்டுப் படுத்திருக்கிறது.

பராமரிப்பு நாளாவது சொல்லிவிட்டு வருகிறது. சொல்லாமல் வந்து போகும் கரண்ட்தான் இன்னும் கொடுமை. லைன் திரும்பி வந்ததும் பெட்டி உடனே ஓடாது. லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அறுபதிலிருந்து கீழே எண்ணும். 60, 59, 58. எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும் நாட்களில் பனை மட்டையும் தென்னை மட்டையும் கம்பியில் உரசிக்கொண்டே இருக்கும். 14, 13, 12 என்று எண்ணும்போது படக்கென்று போகும். வரும். மறுபடி 60. ஒரு மதியம் முழுக்க அதன் முன்னால் நின்று, ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் என் மானம் போனது 2024 நவம்பரில். இருபதாம் தேதி மழை ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் கரண்ட் போய்விட்டது. மறுநாள் மதியத்துக்கு மேல் வெளுத்து வாங்கியது வெயில். மழையில் கழுவிய பேனல் ஆறும் கண்ணாடியாக மின்னுகிறது. லைன் வரவில்லை. நாலு மணி வாக்கில் எதிர்வீட்டு அத்தை, கையில் மூன்று போனும் சார்ஜரும். "மருமகனே, படகுல போன பிள்ளை கரை சேர்ந்துட்டானான்னு கேக்கணும், கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுங்க. உங்க வீட்லதான் சோலார் இருக்கே." அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

கிரிட் என்கிறேன், ஆன்கிரிட் என்கிறேன், லைன்மேன் உயிர் என்கிறேன். அத்தை மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள், என்னை ஒரு தடவை பார்த்தார்கள். "பரவாயில்லைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் "பரவாயில்லை" இருக்கிறதே! இரண்டு லட்சம் செலவழித்து ஊரில் கஞ்சன் என்று பெயர் எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பையன் பத்திரமாகக் கரையேறியிருந்தான், அது வேறு. சார்ஜ் கொடுத்தது தெருமுனையில் பைக்கில் வயரைச் சொருகி உட்கார்ந்திருந்த இன்னொருவர்.

பேட்டரியோடு சேர்த்து, லைன் இல்லாதபோதும் ஓடும் ஹைப்ரிட்டாக மாற்ற விலை கேட்டேன். ஒரு லட்சத்து இருபதாயிரம். பழையபடி சாதாரண இன்வெர்ட்டராவது வாங்கலாம் என்கிறாள் மனைவி. வாங்கலாம்தான். எடைக்குப் போட்டதையே மறுபடி காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் இப்போது கீழே பெடலை மிதித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போடுவது பெரிய கஷ்டமில்லை, மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால். எங்கள் இணைப்பு காலமான அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று ஒன்றரை மாசம் போயிற்று. ஒரு படிவத்தில் என் பெயருக்கு இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் "குடும்பப் பெயர்" கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரையே போட்டேன், ஏற்றுக்கொண்டது. இரண்டு பக்கமும் கணக்கு வைக்கும் மீட்டர் மாட்டிய பிறகு முதல் தடவை ரீடிங் எடுக்க வந்தவர், உள்ளே வந்த யூனிட்டை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். வீட்டுச் செலவு போக மிச்சமாகி நான் லைனுக்கு அனுப்பியது கணக்கிலேயே வரவில்லை. நேரில் போய்ச் சொன்னதும் அடுத்த பில்லில் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

கடற்கரையில் இருப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஸ்டாண்டு. கம்பியை அறுத்த இடத்திலும் துளை போட்ட இடத்திலும் உப்புக்காற்று முதல் வருஷமே துருவைக் கொண்டுவந்துவிட்டது. நாட்டுப்படகுக்கு அடிக்கிற பெயின்ட்டை வாங்கி அந்த இடங்களில் அடித்தேன், நிற்கிறது. இரண்டு, தண்ணீர். காக்கா இறால் தோட்டைக் கொண்டுவந்து பேனல் மேல் வைத்துத்தான் தின்கிறது. ஒரு பேனலில் அழுக்கு ஒட்டினால் வரிசை முழுக்க மந்தமாகும், அதனால் கழுவாமல் விட முடியாது. போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படிகிறது. ஆகவே குடிக்க வாங்குகிற வண்டித் தண்ணீரில் நாலு குடம், மாசம் இரண்டு தடவை, விடிவதற்கு முன்னால். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகளை மிரட்டுவதற்கே பெயர்போன இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் கூரையைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீரா என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட்டுக்கு சோலார் போட்டார்களே, அங்கே துடைப்பதற்கு ரோபோ வைத்திருக்கிறார்கள். இங்கே ரோபோ நான்தான். ஒரே ஆறுதல், லைன் இல்லை என்றால் அந்த 648 மெகாவாட்டும் என் 3 கிலோவாட் போலவே சும்மாதான் கிடக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டுமே. பில். இரண்டு மாசத்துக்கு எழுநூறு யூனிட் ஓடும் வீடு இது. ஐந்நூறைத் தாண்டினால் பில் எப்படித் துள்ளும் என்று உங்களுக்கே தெரியும், நாலாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது சில நூறுகளில் முடிகிறது. போன வாரம் வந்த பில்லை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அதைவிட நான் எதிர்பார்க்காதது இந்த நிழல். எட்டடி உயரத்தில் ஸ்டாண்டு வைத்ததால் மாடியில் ஒரு பந்தல் கிடைத்துவிட்டது. வெயில் நேராகத் தளத்தில் விழுவதில்லை. கீழே தையல் அறையில் மே மாசம் சுவரைத் தொட்டாலே சுடும், போன கோடையில் அப்படி இல்லை. அம்மா வடகம் காயவைக்க வெயில் பக்கம், தானே உட்கார நிழல் பக்கம் என்று மாடியைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். சாயங்காலம் வாடை லேசாக அடிக்கும்போது இங்கே உட்கார்ந்தால் தூரத்தில் பாக் நீரிணை ஒரு கோடாகத் தெரியும். எந்த சோலார் விளம்பரத்திலும் இந்த நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை மட்டும் சொல்லி விற்றிருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

மணி ஒன்றே கால். ஃபிரிட்ஜில் நேற்று வாங்கிய நகரை மீன் இருக்கிறது, ஐந்து மணி வரை தாங்குமா என்று கீழேயிருந்து கேட்கிறார்கள். மேலே ஆறு பேனலும் தகதகவென்று இருக்கின்றன.

மாப்ள, நீ கேட்டதற்குப் பதில்: போடாதே. போன வாரம் பில் வந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் உடனே போடு என்று சொல்லியிருப்பேன், இன்றைக்குக் கேட்டுவிட்டாய். மேற்கொண்டு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. சார்ஜ் 6 சதவீதம்.