கோன் வரிசையா, குட்டி மேட்ச்சா? சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற கால்பந்து வகுப்பு எது

ஆறேழு வயதுப் பிள்ளையை கால்பந்து கோச்சிங்கில் சேர்க்கப் போனால் இரண்டு விதமான வகுப்புகளைப் பார்க்கலாம். ஒன்றில் கோன்களை வரிசையாக வைத்து, பந்தை அவற்றுக்கு நடுவே வளைத்து ஓட்டச் சொல்வார்கள். இன்னொன்றில் பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து உடனே ஆட விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு முதலாவதுதான் ஒழுங்கான பயிற்சியாகத் தெரியும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கோன் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. 1974இல் ஃபெயனூர்ட் அணிக்கு, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையை வென்று தந்த டச்சு பயிற்சியாளர் வீல் கூர்வர், பெரிய ஆட்டக்காரர்களின் காலசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து யாருக்கும் கற்றுத்தரலாம் என்று காட்டினார். உள்ளங்காலால் பந்தை இழுப்பதும் இடது காலைப் பழக்குவதும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். ஆனால் அதற்கு ஆளுக்கொரு பந்து வேண்டும். பல வகுப்புகளில் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்கு 20 விநாடி என்றால் மறுபடி முறை வர 4 நிமிடம். 40 நிமிட வகுப்பில் பந்து காலில் இருப்பது மூன்று நிமிடம் சொச்சம்தான். போதாததற்கு, கோன் பந்தைப் பறிக்க வராது. எதிராளி வரும்போது என்ன செய்வது என்பதை அந்த வரிசை சொல்லித்தராது.

குட்டி மேட்ச் முறைக்கு நல்ல உதாரணம், ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் வைன் வகுத்த ஃபுனினோ. பக்கத்துக்கு மூன்று பேர், கோல்கீப்பர் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு குட்டி கோல். அந்த இரண்டாவது கோலில்தான் விஷயமே இருக்கிறது. வலது பக்கக் கோலை நோக்கிப் பந்தோடு ஓடும் பிள்ளை, அங்கே இரண்டு பேர் மறித்து நிற்பதைப் பார்க்கிறது. தலையைத் தூக்கினால் இடது பக்கக் கோல் காலியாக இருக்கிறது. திரும்புவதா, பாஸ் கொடுப்பதா என்று அதுவே முடிவெடுக்கிறது. கோச் கத்தவே தேவையில்லை. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இந்த மாதிரி குட்டி ஆட்டங்களே கட்டாயம்.

வடசென்னையின் வியாசர்பாடியில் நெருக்கமான இடத்தில் ஆடி வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அங்கிருந்து வந்த நந்தகுமார் சேகர், 2023 டூராண்ட் கோப்பை கால்பந்துப் போட்டியின் லீக் சுற்றில், கொல்கத்தா அணியான மோகன் பகானுக்கு எதிராக, அதே ஊர் ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து வெற்றி தேடித்தந்தார்.

குட்டி மேட்ச்சிலும் குறை உண்டு. வேகமான பிள்ளை பந்தை விடாது, கூச்சமுள்ள பிள்ளை ஓரமாகவே நிற்கும். சமமான குழுவாகப் பிரித்து, அடிக்கடி மாற்றிப் போடுகிற கோச் இருந்தால்தான் இது சரிப்படும். ஒன்பது, பத்து வயதில் கூர்வர் பாணி பயிற்சியைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு முன், ஆளுக்கொரு பந்தோடு ஒரு கால் மணி நேரம் போதும்.

டர்ஃபில் ஏழு பேர் அணியாக, பெரியவர்கள் மாதிரி ஆட வைக்கும் வகுப்பு இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பந்து இருக்கிறது, பிள்ளைகள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பந்து சைஸ் 3தானா என்றும் கேளுங்கள். பெரியவர்களின் சைஸ் 5 பந்தை அந்தக் கால்களுக்குக் கொடுக்கக் கூடாது. தலையால் முட்டும் பயிற்சி தருகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அமெரிக்காவில் பத்து வயது வரை அதற்குத் தடையே இருக்கிறது.