எச்சரிக்கை: சூடோமோனாஸ் என்று விற்கப்பட்ட வெறும் டால்க் மாவும் என் 14,400 ரூபாயும்

கோத்தகிரிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸ் வைத்திருக்கிறேன். இன்று காலை, வெயில் ஏறியதும் துவண்டுபோகும் செடிகளில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். சல்லிவேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கைப் போல் வீங்கிய முண்டுகள்தான் இருந்தன. எங்கள் அமில மண்ணில் புகுந்துவிட்டால் பல ஆண்டுகள் விலகாத கிளப் ரூட் நோய் அது. அதைத் தடுக்கத்தான் இரண்டு மாதங்களுக்கு முன், வேரைக் காக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் கலந்த தூளுக்கு 14,400 ரூபாய் செலவழித்தேன்.

கைப்பேசிச் செயலி வழியாக விவசாய இடுபொருள் விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம் பார்த்து எண்ணைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசிய இளைஞர் "அண்ணா, உங்கள் மண்ணின் கார அமில நிலை என்ன?" என்றுதான் தொடங்கினார், நான் நம்பியது அந்த இடத்தில்தான். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் வேரைச் சுற்றி முதலில் குடியேறி இடம் பிடித்துக்கொள்ளும், மண்ணில் உள்ள இரும்புச் சத்தைத் தன் பக்கம் இழுத்து நோய்க்கிருமிகளைப் பட்டினி போடும், செடியின் சொந்த எதிர்ப்பு சக்தியையும் தூண்டிவிடும் என்று அவர் விளக்கியதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அளவைத்தான் ஏமாற்றினார். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ, அதையும் 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து இட வேண்டும். அவரோ ஏக்கருக்குப் பதினாறு கிலோ என்றார். கிலோ 600 ரூபாய் வீதம் 24 பாக்கெட், மொத்தம் 14,400 ரூபாய், முழுவதும் முன்பணமாக. தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்காதது என் மடத்தனம்.

தூள் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. நல்ல சரக்கும் டால்க் மாவில்தான் வரும் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, நாற்றுகளின் வேரை நனைத்து நட்டோம். நோய் வேருக்குள் புகுந்த பிறகு இந்த பாக்டீரியா அதைக் குணப்படுத்தாது. முன்பே அங்கே குடியேறியிருக்க வேண்டும். நடவுக்கு முன் வேரை நனைக்கும் அந்த ஒரு வேளை தவறினால் திரும்ப வராது என்பதால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம்.

செடிகள் வாடத் தொடங்கியதும் அழைத்தேன். மழை அதிகம் என்றார்கள். மறுமுறை, சுண்ணாம்பு போட்டீர்களா என்றார்கள். போட்டிருக்கிறேன் என்றதும், ஏழு நாள் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த "அண்ணா" இளைஞர் இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை. புகார் "தீர்க்கப்பட்டது" என்று நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது, என் 14,400 ரூபாயா?

நேற்று இரவு மீதிப் பாக்கெட் ஒன்றின் தேதி ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு தேதி இருந்தது. அதன்படி சரக்குக் காலாவதியாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. டால்க் மாவில் இந்த பாக்டீரியா சில மாதங்கள்தான் தாக்குப்பிடிக்கும். வேளாண்மை படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் தன் கல்லூரி ஆய்வகத்தில் இந்தத் தூளைக் கரைத்துத் தட்டில் வளர்க்கப் பார்த்தாள். உயிருள்ள சரக்காக இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர வேண்டும். ஒன்றும் ஒளிரவில்லை.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. பதிவு எண், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி நான்கும் அச்சிலேயே இருக்க வேண்டும், ஒட்டுத்தாள் இருந்தால் வாங்காதீர்கள். கிராமுக்கு எத்தனை கோடி உயிரணு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பத்துக் கோடிக்குக் குறையக் கூடாது. முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள், தாமிர மருந்தோடு கலக்காதீர்கள். வந்த அன்றே பாக்கெட்டைப் படம் எடுத்துவையுங்கள், நான் எடுக்கவில்லை.

பிரிக்காத பாக்கெட் இன்னும் ஏழு கொட்டகையில் கிடக்கின்றன. நாளை அவற்றைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போகிறேன்.