டக்டக்கோவுக்கு மாறிப் பார்த்தேன்

போனிலும் கணினியிலும் தேடுபொறியை டக்டக்கோவுக்கு மாற்றிவிட்டேன். 2008-ல் கேப்ரியல் வெயின்பெர்க் தொடங்கியது. விளம்பரம் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் தேடிய சொல்லை ஒட்டியே வரும். முழங்கால் வலி என்று தேடினால் அந்தப் பக்கத்தோடு சரி, அதை வைத்து என்னைப் பற்றி ஒரு கோப்பு சேர்வதில்லை. இந்த நிம்மதிக்காகவே மாறலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பேங்' குறுக்குவழி. ஆச்சரியக்குறியோடு டபிள்யூ சேர்த்து, இடம் விட்டு, வேண்டியதைத் தட்டினால் நேராக விக்கிப்பீடியாவுக்குள் தேடும். யூடியூபுக்கு ஒய்டி. இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விரல் பழகிவிட்டால் விடமாட்டீர்கள்!

அப்புறம் ஒன்று: வரும் இணைப்புகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து எடுக்கப்படுபவை. முற்றிலும் தனியான முடிவுகள் வேண்டுபவர்கள், சொந்தமாகவே வலையைத் துழாவும் மோஜீக் என்ற தேடுபொறியைப் பார்க்கலாம்.