மும்பையில் இருந்தபடியே பாளையங்கோட்டையில் வீடு தேடியது: தரகர் அண்ணாச்சி எப்படி?

2024 தொடக்கத்தில் அப்பா அம்மாவுக்காகப் பாளையங்கோட்டைப் பக்கம் வீடு தேட ஆரம்பித்தோம். நானும் மனைவியும் மும்பையில் வேலை பார்க்கிறோம், நினைத்த நேரத்துக்குக் கிளம்பி வர முடியாது. தெரிந்தவர் மூலம் ஒரு தரகர் அமைந்தார், எங்களுக்கு அவர் அண்ணாச்சி. வீட்டில் பெற்றோர் குடியேறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இதை எழுதுகிறேன், ஏனென்றால் பத்திரம் முடிந்த வாரத்தில் எல்லாத் தரகரும் நல்லவர்தான்.

அவர் வாங்கிக் கொடுத்த வீட்டைவிட, வேண்டாம் என்று தடுத்த வீடுகளுக்குத்தான் கமிஷன் தகும் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டி வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது ஊரறிந்த விஷயம். அடுத்த சில மாதங்களில் ஆற்றை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்தது, புது பெயின்ட், விலையும் ஆசை காட்டியது. வீடியோ காலில் அண்ணாச்சி ஹாலைக் காட்டவே இல்லை. நேரே மாடிப்படிக்கு அடியில் போய், பெயின்ட் படாத மூலையில் இடுப்பு உயரத்துக்கு இருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார். "தம்பி, வீட்டுக்காரங்க தண்ணி வரலன்னுதான் சொல்லுவாவ, நீங்களே பாத்துக்கிடுங்க."

இன்னொரு வீட்டுக்குப் பட்டா இறந்துபோன பெரியவர் பேரிலேயே இருந்தது, வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று விற்பவர் தரப்பு அட்வான்ஸுக்கு அவசரப்படுத்தியது. முதலில் வாரிசுச் சான்றும் எல்லாருடைய சம்மதமும் வரட்டும், அதுவரை ஒத்த ரூபா குடுக்காதீங்க என்று இவர் நிறுத்திவிட்டார். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நானே எடுத்துப் பார்க்கச் சொன்னார். மூலப்பத்திரம் பார்க்க வக்கீல் யாராவது சொல்லுங்கள் என்றபோது, "நான் சொல்லுத ஆளு வேண்டாம், நீங்களா ஒருத்தரப் பிடிங்க" என்றார். எந்தத் தரகர் இப்படிச் சொல்வார்?

வீடியோ எடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து வாசல் வரை நிறுத்தாமல் நடப்பார், அப்புறம் மோட்டாரைப் போட்டு மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, மேல்தளத்தில் வெடிப்பு உண்டா, கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டு போனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். பெருமாள்புரம் பக்கம் இப்போது நாங்கள் வாங்கியிருக்கும் வீட்டைப் பற்றி அந்த ஆச்சி சொன்ன அளவுக்கு விற்றவர்கூடச் சொல்லவில்லை.

செலவைப் பொறுத்தவரை அவர் முதல் நாளே தாளில் எழுதி போட்டோ அனுப்பிவிட்டார்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் சேரும் வருமான வரி) பிடித்து நாம் கட்ட வேண்டும், அவருடைய கமிஷன் தனி. கடைசியில் அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. பதிவுக்கு மட்டும் நாங்கள் நேரில் வந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. மெசேஜ் அனுப்பினால் பதில் வராது, வாய்ஸ் நோட்தான், அதுவும் பஸ் ஹார்னுக்கு நடுவில். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் போன் எடுக்க மாட்டார். ஆனித் தேரோட்டம் வந்ததும் ஆளே காணாமல் போனார், நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் பேச்சு. பெரிய குறை ஒன்று, தெருமுனையில் இருக்கும் கல்யாண மண்டபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முகூர்த்த நாளில் விடியுமுன்னே மைக் செட், அப்பாவுக்குத் தூக்கம் போகிறது. கேட்டால் "கல்யாணம்னா சத்தம் இருக்கத்தான செய்யும்" என்று சிரிக்கிறார்.

ஆனால் பணம் கைக்கு வந்ததும் நம்பரை மாற்றுகிற ரகம் இல்லை. சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு அப்பாவைத் தன் பைக்கிலேயே கூட்டிப்போனார். குழாய் உடைந்தால் இன்றைக்கும் அம்மா முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

சமீபத்தில் மச்சினனுக்குத் தென்காசிப் பக்கம் வீடு பார்க்கச் சொன்னேன். "அங்க எனக்குத் தெரு தெரியாது, ஆளும் தெரியாது" என்று மறுத்துவிட்டார். மச்சினன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.