மூன்று ஜோடிக் காதுகள், ஒரு லோ யாட் மாலை

என் பழைய ஹெட்போனின் காது மெத்தை மூன்று மாதமாக உரிந்துகொண்டிருந்தது. கறுப்புத் துகள்கள் காதோரத்தில், சட்டைக் காலரில், ஒருநாள் நெற்றித் திருநீற்றின் மேலேயே ஒட்டிக்கொண்டன. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண், "என்ன அண்ணே, காதுல கரி அப்பியிருக்கு?" என்று கேட்ட அன்று மாலையே புக்கிட் பிந்தாங்கில் இறங்கி மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு நடந்தேன். தோல் மாதிரித் தெரியும் அந்த மெத்தை உண்மையில் துணிமேல் பூசிய பாலியூரித்தேன். ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உதிரும். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்க இரண்டுக்கும் குறைவில்லை.

எனக்கு மட்டும் என்றால் அரை மணி நேர வேலை. ஆனால் அம்மாவுக்கு இரவு ஒன்பது மணித் தொடர் பார்க்க ஒன்று வேண்டும். சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அப்பாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அக்கா மகனோ, "மாமா, கேம் விளையாட எனக்கும் ஒண்ணு" என்று கைப்பேசியில் குரல் செய்தியே அனுப்பிவிட்டான். ஆக மூன்று ஜோடிக் காதுகள்.

முதல் கடையில் நின்ற சீன இளைஞன் என்னிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேட்கவில்லை. "பாஸ், ஐபோனா, ஆண்ட்ராய்டா?" என்றான். விற்பனைத் தந்திரம் என்று நினைத்தேன். அன்று கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான்.

காரணம் இது. ஒரு சிடியின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு. புளூடூத் வழியாக அதை அப்படியே அனுப்ப இடம் போதாது. அதனால் போன் பாட்டைச் சுருக்கி அனுப்ப, ஹெட்போன் விரித்துப் பாடுகிறது. இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி. நல்ல தரத்தில் நொடிக்கு சுமார் 328 கிலோபிட். ஐபோன் பேசுவது எஸ்பிசி, ஏஏசி இரண்டு மட்டுமே. குவால்காமின் ஆப்ட்எக்ஸ் 352. சோனியின் எல்டிஏசி 330, 660, 990 என்று மூன்று படிகளில் ஏறி இறங்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் நிறைய போன்களில் அது உண்டு. இரு பக்கமும் ஒரே கோடெக் தெரிந்தால்தான் பேச்சு நடக்கும். இல்லையென்றால் எஸ்பிசிக்கோ ஏஏசிக்கோ இறங்கிவிடும். எல்டிஏசி என்று தங்க எழுத்தில் போட்ட பெட்டியை ஐபோன்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது, ஓட்டத் தெரியாதவர் லாரி வாங்கிய கதைதான்.

சரி, ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் எனக்கு அந்த 990 தேவையா? என் பழைய ஹெட்போனிலும் எல்டிஏசி உண்டு. வீட்டில் அக்காவை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டைப் பத்துமுறை கேட்டேன். வயலின்கள் கூட்டமாக எழும் இடத்தில் எஸ்பிசிக்கும் எல்டிஏசிக்கும் ஏதோ வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியது. ஏஏசிக்கும் எல்டிஏசிக்கும் நடுவில் என் ஊகம் பத்தில் ஐந்து சரி. காசு சுண்டியிருந்தாலும் அதே விடைதான். அதிலும் யூடியூபில் கேட்பது ஏற்கெனவே சுருக்கிய ஒலி. சுருங்கியதை எவ்வளவு அகலமான குழாயில் அனுப்பினாலும் போனது திரும்பாது.

ரயிலில் கதையே வேறு. நான் தினமும் வங்சா மாஜுவிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை கிளானா ஜெயா தடத்தில் போகிறவன். எல்டிஏசியை 990இல் பூட்டி வைத்த ஒரு காலை, மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தில் கூட்டம் ஏறியதும் பாட்டு விக்கி விக்கி வந்தது. புளூடூத் ஓடுவது வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கும். நூறு பேர் நூறு போனோடு நெருக்கி நின்றால் அதுவும் எங்கேதான் தாவும்? போதாக்குறைக்கு நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை நன்றாகவே விழுங்கும். போனைப் பின்பையில் வைப்பவர்களுக்கு ஒலி அறுவதில் இதற்கும் பங்குண்டு. தானியங்கி நிலைக்கு மாற்றினேன், போனைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தேன், விக்கல் நின்றது. அன்றிலிருந்து கோடெக் சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. புளூடூத் 5.0, 5.3 என்ற பதிப்பு எண்ணும் அப்படித்தான். எண் கூடினால் பாட்டு இனிமையாகும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆக, என் காதுக்கு உண்மையான போட்டி காதை மூடும் பெரிய கப்புக்கும் காதுக்குள் போகும் சின்ன பட்ஸுக்கும்தான்.

இரண்டிலும் இப்போது இரைச்சலைத் தின்னும் வசதி வருகிறது. வெளியே இருக்கும் மைக் சத்தத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கும். மேடும் பள்ளமும் சந்தித்துச் சமமாகிவிடும். அமர் போஸ் என்ற வங்காளித் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர், 1978இல் ஜூரிக்கிலிருந்து வீடு திரும்பிய விமானத்திலேயே இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வர 1989 ஆனது. விமானத்தில் பிறந்த யோசனை என்பதை நினைவில் வைத்தால் அதன் பலமும் பலவீனமும் புரியும். விடாமல் ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். சுரங்கத்துக்குள் ரயில் போடும் ஊளை, ஏர்கான் முனகல் எல்லாம் பொத்தானை அழுத்தியதும் அடங்கும். வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதும் பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகையும் அடங்காது. அவை சட்டென்று வரும் உயர்ந்த ஒலிகள். அவற்றைத் தடுக்க வேண்டியது மெத்தையும் ரப்பர் முனையும்.

அதனால் பட்ஸ் வாங்குவோர் பெட்டிக்குள் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பார்ப்பது எந்தக் கோடெக்கையும் விட முக்கியம். சரியாக அடைக்காத முனையில் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி ஒழுகிவிடும், இரைச்சலும் உள்ளே வரும். என் வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சின்னது. நாற்பது வருடமாக இரண்டும் ஒன்று என்று நம்பியிருந்தேன்.

பட்ஸின் பெரிய பலம், இந்த வெயிலில் அது காதை அவிக்காது. சோனியின் எக்ஸ்எம்5 மாதிரி பெரிய கப் 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். நிலையத்திலிருந்து அலுவலகம் வரை பத்து நிமிடம் வெயிலில் நடந்தால் காதுமடலில் வியர்வை கோத்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் சொல்லவே வேண்டாம். ஆனாலும் நான் கப் பக்கம்தான் சாய்ந்தேன். ஒன்று, பேட்டரி. எக்ஸ்எம்5 இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் தாங்கும் என்கிறது சோனி. பட்ஸுக்குள் இருப்பது சுண்டைக்காய் அளவு லித்தியம். தினமும் ஏற்றி இறக்கினால் இரண்டு மூன்று வருடத்தில் அதன் மூச்சு குறையும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் வழியில்லை. இரண்டு, போன வருடம் என் பட்ஸில் ஒன்று ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே விழுந்தது. ஒற்றைக் காதில் கேட்டபடி வீட்டுக்கு வந்தேன். கப்பைத் தொலைப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கப்புக்குள்ளேயும் ஒரு தேர்வு உண்டு. எக்ஸ்எம்4 மடங்கும், அடுத்து வந்த எக்ஸ்எம்5 மடங்காது. சாப்பாட்டு டப்பாவும் குடையும் ஏற்கெனவே குடியிருக்கும் பையில் மடங்காத ஹெட்போனுக்கு இடமில்லை. மெத்தையைக் கையால் கழற்ற முடிகிறதா, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டேன். கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டு, என் காதோரத் துகளைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

கழுத்தில் மாட்டும் நெக்பேண்டை இப்போது யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் மரியாதை உண்டு. மலிவு, விழுந்தாலும் கழுத்திலேயே தொங்கும், பேட்டரியும் பட்ஸைவிடப் பெரியது. எங்கள் கட்டடக் காவலர் ஒன்றை மூன்று வருடமாக ஓட்டுகிறார்.

எலும்பு வழிக் கடத்தும் ரகம் வேறு ஜாதி. கன்ன எலும்பில் உட்கார்ந்து அதிர்வாக ஒலியை உள்ளே அனுப்பும். காது திறந்தே இருக்கும். தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும் அத்தான் ஷாக்ஸ் ஓபன்ரன் போடுகிறார். பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்கிறது, அதுவே அவருக்கு வேண்டியது. பாஸ் மெலிவு, சத்தம் கூட்டினால் கன்னம் கூசும். ரயிலில் இது சுத்தமாக உதவாது. வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வருவதால் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் காதைத்தான் கெடுத்துக்கொள்வோம். தூசி, நீர் தாங்கும் தரக் குறியில் ஓபன்ரன் ஐபி67, தூசியும் புகாது, தண்ணீரில் முக்கினாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தெறிக்கும் நீருக்கு மட்டும் உத்தரவாதம். நடுவில் உள்ள எக்ஸ், தூசிக்குச் சோதித்த மதிப்பெண் தரப்படவில்லை என்று பொருள்.

அக்கா மகனுக்குப் புளூடூத்தே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சாதாரண புளூடூத்தில் ஒலி ஐந்தில் ஒரு நொடி வரை பிந்திவரும். படம் பார்க்கையில் போன் அதற்கேற்பக் காட்சியைப் பிடித்துவைத்துச் சமாளித்துவிடும். விளையாட்டில் அது முடியாது. சுட்ட சத்தம் கேட்கும்போது பையன் செத்துக் கிடப்பான். இன்னொரு கோளாறும் உண்டு. கணினியில் மைக்கை இயக்கியதும் புளூடூத் பழைய தொலைபேசி வழிக்கு மாறி, ஒலித் தரம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு விழும். நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடினால் எல்லாம் தகரக் குடத்துக்குள் நடப்பதுபோல் இருக்கும். யூஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் என்ற சின்னக் கருவியோடு வரும் கேமிங் ஹெட்செட்டில் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் இல்லை. பட்டை அதேதான், பேசும் முறை வேறு. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவள் பாடு.

எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை, அதன் கோடெக்கான எல்சி3 என்று புதிதாக வருபவை இந்தத் தாமதத்தையும் மைக் சிக்கலையும் குறைக்கும். 2020இல் அறிவிக்கப்பட்ட புளூடூத் 5.2இல் அதற்கு அடித்தளம் போட்டார்கள். ஆனால் போனும் ஹெட்போனும் இரண்டுமே அதைப் பேச வேண்டும். கூடவே வந்தால் நல்லது. அதற்காகவே காசு கூட்டிக் கொடுக்கமாட்டேன்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு "நாய்ஸ் கேன்சலிங்" என்று அச்சிட்டு விற்கும் பட்ஸை ஒருமுறை வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். அவ்வளவுதான், இரைச்சல் இருந்த இடத்தில் இருந்தது. இங்கே விற்கும் புளூடூத் கருவிகளுக்கு மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்று வேண்டும். பெட்டியில் அந்த முத்திரையைத் தேடுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கம்பியில்லாததால் நான் இழந்தது ஒன்றே ஒன்று. பழைய போனில் ஹெட்போன் கம்பிதான் எஃப்எம் ஆன்டெனா. கம்பியைச் செருகினால் மின்னல் எஃப்எம் என்ற தமிழ் வானொலி டேட்டா இல்லாமலே பாடும். இப்போது அதே நிலையத்தை இணையம் வழியாகக் கேட்கிறேன்.

கடைசியாக அம்மா. பட்ஸ் அவர் விரலுக்குப் பொடி. தட்டினால் நிற்கும், இருமுறை தட்டினால் அடுத்த பாட்டு என்ற பாடமெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் டிவியில் புளூடூத் ஹெட்போனை இணைத்தால் டிவியின் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், உதடும் வசனமும் தள்ளிப் போகும். அகச்சிவப்புக் கதிரில் ஓடும் பழைய ரகம் ஒன்றை ஒரு கடையில் காட்டினார்கள். நடுவில் யாராவது நடந்தாலே ஒலி அறும், சுவரைத் தாண்டாது. ரேடியோ அலையில் ஓடும் டிவி ஹெட்போன்தான் சரிப்பட்டது. டிவி பக்கத்தில் ஒரு நிலைத் தளம், அதன் மேல் வைத்தால் சார்ஜ் ஏறும், பக்கவாட்டில் ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. "இந்தத் திருகு போதும்யா" என்றார்.

அன்று இரவு அவர் ஹெட்போனோடு அடுக்களைக்குப் போய்க் குழம்பைக் கிண்டிக்கொண்டே தொடரைக் கேட்டார். சுவரைத் தாண்டி ஒலி தெளிவாகவே போயிருக்கிறது. தன் குரல் தனக்குக் கேட்காததால், தொடரில் வரும் மாமியாரை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாகத் திட்டினார். அப்பா எழுந்துவிட்டார்.