டீசல் கொரோலாவில் பெற்றோல் என்ஜின்: ஏழு வருடப் புகைப் பரிசோதனை அனுபவம்

2018 இல் என் ரொயோட்டா கொரோலா சிஈ100 இல் இருந்த 2சி டீசல் என்ஜினை இறக்கிவிட்டு 5ஏ பெற்றோல் என்ஜின் போட்டேன். அன்றிலிருந்து ஏழு வருடமாக அதில்தான் ஓடுகிறேன். காரைப் பார்க்கிறவர்கள் இழுவை எப்படி என்று கேட்பதில்லை. "பதிவுப் புத்தகத்தில் டீசல் என்றுதானே இருக்கும், புகை ரெஸ்ட் எப்படிப் பாஸாகிறது?" என்றுதான் கேட்கிறார்கள். அதையே எழுதுகிறேன்.

2சிக்கு சிலிண்டர் ஹெட் வெடிப்பது பழைய வியாதி. எனக்குக் கந்தளாய் தாண்டி வரும்போது இரண்டாவது தடவையாக வெடித்தது. அதே கார் பொடியில் (வெளிக்கூட்டில்) 5ஏ போட்டு ஏஈ100 என்று ரொயோட்டாவே விற்றிருக்கிறது, அதனால் மவுண்ட் முதல் ரேடியேற்றர் குழாய் வரை எல்லாம் பழைய சாமான் கடைகளில் கிடைத்தது. திருகோணமலை உப்புவெளியில் உள்ள கராஜில் நாலு நாளில் வேலை முடிந்தது.

நான் விட்ட முதல் பிழை, புத்தகத்தை மாற்றாமல் பரிசோதனைக்குப் போனது. டீசலுக்கும் பெற்றோலுக்கும் பரிசோதனை ஒன்றில்லை. டீசல் என்றால் அக்சிலேற்றரை முழுதாக மிதித்துப் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். பெற்றோல் என்றால் சைலன்சருக்குள் குழாயை விட்டு, சும்மா ஓடும் வேகத்திலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் (எரியாத பெற்றோல்) அளப்பார்கள். அங்கிருந்த பொடியன் புத்தகத்தைப் பார்த்தான், பொனற்றைத் திறந்து டீசலில் இல்லாத பிளக் வயர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, "அண்ண, இதுக்கு நான் எந்த ரெஸ்ட் போடுறது?" என்றான். அவன் கேட்டது நியாயம். புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அந்த வருட வாகன லைசன்ஸ் எடுக்க முடியாது, அதனால் கார் மூன்று கிழமை வீட்டு வாசலில் நின்றது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ஜின் நம்பரையும் எரிபொருள் வகையையும் மாற்ற என்னிடம் கேட்டவை: மூலப் பதிவுப் புத்தகம், என்ஜின் வாங்கிய பில், அது இறக்குமதியானதற்கான சுங்கப் பத்திரத்தின் பிரதி, பரிசோதகரின் அறிக்கை. சுங்கப் பத்திரப் பிரதியை என்ஜின் வாங்கும்போதே கேட்டு வாங்காவிட்டால் பிறகு கடைக்காரர் பின்னால் அலைய வேண்டும். நான் அலைந்தேன். என்ஜின் நம்பர் பிளொக்கில் கியர்பொக்ஸ் பக்கமாக வெட்டியிருக்கும், கடல் காற்றில் துரு ஏறி எனக்குக் கடைசி இரண்டு இலக்கமும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, வெள்ளைச் சோக்கைத் தேய்த்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த இடத்தில் உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், நம்பரைச் சுரண்டியிருக்கிறான் என்று சந்தேகப்பட்டால் பதில் சொல்ல முடியாது.

சரி, புத்தகம் பெற்றோலாகி வந்தது. திரும்பப் போனேன், பெயில். காபன் மொனொக்சைட் அளவு கூடிப்போயிருந்தது. காரணம், என்ஜினோடு வந்த ஒட்சிசன் சென்சரை மெக்கானிக் பூட்டாமல், ஓட்டையைப் போல்ட்டால் அடைத்து வைத்திருந்தார். புகையைச் சுத்தப்படுத்துகிற கட்டலிற்றிக் கன்வேர்ட்டரும் வரவே இல்லை, உள்ளே விலையான உலோகம் இருப்பதால் அதைத் தனியாக விற்றுவிடுகிறார்கள். சென்சர் இல்லாவிட்டால் எவ்வளவு பெற்றோல் தெளிப்பது என்று என்ஜின் கம்பியூட்டருக்குச் சரியாகத் தெரியாது, கூடத் தெளிக்கும், முழுதாக எரியாத மிச்சம் சைலன்சர் வழியே வரும். என்ஜினை மட்டும் வாங்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்: கம்பியூட்டர், முழு வயரிங், சென்சர், கன்வேர்ட்டர் நாலும் சேர்த்து ஹாப்கட்டாக (வெட்டியெடுத்த காரின் முன்பாதியாக) பாருங்கள், விலை கூடினாலும். சின்னம்மாவின் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே போடுகிற என்ஜின் காரின் வருடத்துக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அந்த என்ஜினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் அத்தனையும் கூடவே வர வேண்டும், தனியாக ஒரு பரிசோதகர் பார்த்து ஒட்டுகிற லேபலோடுதான் அடுத்தடுத்த பரிசோதனைக்குப் போகலாம் என்றான். கேட்டபோது கடுமையாகத் தெரிந்தது, ஆனால் நான் இரண்டு தடவை காசு செலவழித்துக் கற்றுக்கொண்டதைத்தான் அவர்கள் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சென்சரும் கன்வேர்ட்டரும் பூட்டிய பிறகு நேரே பாஸ். அடுத்து வந்த வருடங்களில் ஒரே ஒரு தடவைதான் சிக்கல், அது 2022. எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரம் 20 லீற்றர் எடுக்கும் முறை வரும் முன்பு கார் இரண்டு மாதம் அசையாமல் நின்றது. பழைய பெற்றோல், அதைத் தெளிக்கிற இன்ஜெக்டரில் பிசினாகி, ஹைட்ரோகாபன் ஏறிவிட்டது. இன்ஜெக்டரைக் கழுவி, பிளக் மாற்றியதும் இறங்கியது.

பரிசோதனை நாளில் நான் வேறெங்கும் நிறுத்தாமல் நிலாவெளி வரை போய்த் திரும்பி, சூடு ஆறுவதற்குள் உள்ளே விடுவேன். கன்வேர்ட்டர் நன்றாகச் சூடாகாமல் வேலை செய்யாது, வரிசையில் அரை மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தாலும் என்ஜினை அணைக்க மாட்டேன்.

ஊர்க்காரருக்கு இன்னொன்று. எங்கள் உப்புக் காற்றில் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாகும், வெளிக்காற்று கலந்தால் அளவீடே பிழைக்கும். என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, வால்குழாயைத் தடித்த ஈரத்துணியால் ஒரு கணம் பொத்திப் பாருங்கள், எங்கே "உஸ்" என்று கேட்கிறதோ அங்கே ஓட்டை. இந்த முறை எனக்குப் பின் பெட்டியின் வெல்டிங் ஓரத்தில் கேட்டது. நாளைக்குக் கராஜுக்குப் போகிறேன், சான்றிதழ் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.