சாதரா, கேதார்காந்தாவா, பிரம்மதாலா? பனில நடக்க மொதல்ல எங்க போறது

நவம்பர் வந்தா போதும், ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் வந்து "அண்ணா இந்த தடவ ஸ்னோ ட்ரெக் போலாம்னு இருக்கேன், சாதர் போகட்டா கேதார்காந்தா போகட்டா"னு ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறவங்கள்ல பாதி பேரு ஊட்டி குளிருக்கே ரெண்டு ஸ்வெட்டர் போடற ஆளுங்க, நானும் அப்படி இருந்தவன்தான், அதனால நக்கல் எல்லாம் இல்ல. மூணு வேற வேற வருஷத்துல மூணுக்கும் போயிட்டு வந்தாச்சு. மூணுமே இமயமலைல குளிர்காலத்துல பனில நடக்கற ட்ரெக். மூணாவது பிரம்மதால், அத பத்தி யாருமே கேக்க மாட்டேங்கறாங்க, ஆனா என் ஓட்டு அதுக்குத்தான், ஏன்னு சொல்றேன்.

உயரத்த வச்சு பாத்தா மூணுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. கேதார்காந்தா உச்சி 12,500 அடி, பிரம்மதால் ரூட்ல ஏறற உச்சி 12,250 அடி பக்கம், சாதர் 11,000 அடி சொச்சம். அதுலயும் சாதர்ல ஏத்தமே கெடையாது, ஒறைஞ்ச ஆத்து மேல நடக்கறோம், ஆறு என்ன மலையா ஏறும்? இந்த நம்பர பாத்துட்டுதான் நெறய பேரு சாதர் ஈஸினு முடிவு பண்ணிடறாங்க, மாட்டிக்கறதும் அங்கதான்.

லடாக்ல ஜன்ஸ்கார் ஆறு ஜனவரி பாதியில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும் மேல பனிக்கட்டியா ஒறைஞ்சிருக்கும், அடியில தண்ணி பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். சாதர்னா ஹிந்தில போர்வை. பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க, ஏன்னா போர்வை மாதிரியே விலகவும் செய்யும். நேத்து நடந்த எடம் இன்னிக்கு தண்ணியா இருக்கும், நாளைக்கு திரும்ப மூடிக்கும். ராத்திரி வானம் தெளிவா இருந்தா குளிர் ஏறி ஐஸ் கெட்டியாகும், மேகம் மூடிச்சுன்னா நமக்கு கொஞ்சம் கதகதப்பா இருக்கும் ஆனா ஐஸ் எளகிடும், அதாவது நீங்க நல்லா தூங்கின ராத்திரிக்கு மறுநாள் வழி இருக்காது. முன்னாடி போற கைடு கைல இருக்கற குச்சியால தட்டி தட்டி சத்தத்த கேட்டுட்டே போவாரு, சத்தம் மாறுச்சுன்னா கைய காட்டி நிறுத்திடுவாரு. மேல பொடிப்பனி இருந்தா கால் நிக்கும், கண்ணாடி மாதிரி நீலமா இருக்கற ஐஸ்ல கால தூக்கி வச்சீங்கன்னா விழுந்தீங்க, தேச்சு தேச்சு பெங்குவின் மாதிரிதான் போகணும். ட்ரெக்கிங் ஷூவும் அங்க பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, ரப்பர் கம்பூட் உள்ள கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, அதான் யூனிஃபார்ம்.

குளிர பத்தி சொல்லணும். கேதார்காந்தாவுலயும் பிரம்மதால்லயும் ராத்திரி மைனஸ் 5ல இருந்து மைனஸ் 10 வரைக்கும் போகும், சில நாள் அதுக்கும் கீழ. சாதர்ல மைனஸ் 20, மைனஸ் 30. இது சும்மா நம்பர் இல்ல, ரெண்டும் வேற வேற ஜாதி. ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை நிக்கற பள்ளத்தாக்கு, சில எடத்துல நாளைக்கு ரெண்டு மணி நேரம் வெயில் வந்தாலே பெருசு. மூச்சு விட்டா மீசைல ஐஸ், வெட் வைப்ஸ் எடுத்தா செங்கல், போன தூங்கறப்போ ஸ்லீப்பிங் பேக்குள்ள வச்சுக்கலன்னா காலைல செத்திருக்கும்.

இன்னொண்ணு லே, சாதர் போறவங்க மொதல்ல வந்து எறங்கற லடாக் ஊரு. டெல்லில ஃப்ளைட் ஏறினா ஒன்ற மணி நேரத்துல 10,700 அடில கொண்டு போய் எறக்கி விட்டுடுவாங்க, ஒடம்புக்கு என்ன நடந்துச்சுன்னே புரியாது. அதனால ரெண்டு மூணு நாள் லே-லயே சும்மா ஒக்காந்திருக்கணும், அப்புறம் மெடிக்கல் செக்கப், அதுல பாஸ் ஆனாத்தான் பர்மிட். ஆக்ஸிஜன் கொறஞ்சு, பிபி எகிறி அங்கயே திரும்பினவங்கள பாத்திருக்கேன், ஜிம் பாடிங்க உட்பட. குளிர்காலத்துல லே-ல பாதி ஹோட்டல் மூடியிருக்கும், பைப்ல தண்ணி ஒறைஞ்சிடும், வாளில வெந்நி தருவாங்க அவ்வளவுதான். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேணும், இது தெரியாம போய் வீட்டுக்கு பேச முடியாம தவிக்கறவங்க வருஷா வருஷம் உண்டு.

மத்த ரெண்டுல இந்த பிரச்சனை இல்ல. கேதார்காந்தாவுக்கு நடக்க ஆரம்பிக்கற ஊரு சாங்க்ரி, 6,400 அடி, பிரம்மதாலுக்கு லோஹாஜங், 7,600 அடி. ரெண்டுமே உத்தராகண்ட்ல இருக்கு, ரெண்டுக்கும் மலை ரோட்ல பத்து மணி நேரம் குலுங்கி குலுங்கித்தான் போகணும், அது ஒரு வதைதான், ஆனா அந்த நேரத்துல ஒடம்பு தானா பழகிடுது. டேராடூன்ல இருந்து சாங்க்ரி 200 கிலோமீட்டர் பக்கம், லோஹாஜங்குக்கு டெல்லில ராத்திரி ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறி காத்கோதாம் போய் அங்க இருந்து ஜீப். வாந்தி மாத்திரை மறக்காதீங்க.

சரி கேதார்காந்தா. அழகுல கொற சொல்லவே முடியாது. பைன் காடு, ஜூடா கா தாலாப்னு ஒரு ஒறைஞ்ச ஏரி, அதுக்கு மேல கூரான உச்சி, ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஹெட்லாம்ப் போட்டுட்டு ஏற ஆரம்பிச்சா விடியறப்போ மேல நிக்கலாம், ஸ்வர்காரோஹிணி, பந்தர்பூஞ்ச், பிளாக் பீக்னு சுத்தி இருக்கற சிகரம் எல்லாம் வரிசையா சிவக்கும். "நான் ஒரு உச்சிய தொட்டேன்"ங்கற திருப்தி வேணும்னா மூணுல இதான். எறங்கறப்போ பனில ஒக்காந்து சறுக்கிட்டே வரலாம், நாப்பது வயசு ஆளுங்க எல்லாம் கத்திட்டு போவாங்க. பிரச்சனை ஒண்ணே ஒண்ணு, கூட்டம். கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் அங்க போறதும் ஒண்ணுதான் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் போறதும் ஒண்ணுதான். நான் போனப்போ உச்சிக்கு முன்னாடி கடைசி ஏத்தத்துல க்யூ, முன்னாடி ஒருத்தர் நின்னா பின்னாடி அம்பது பேரு மைனஸ்ல நிக்கறோம், யாரோ ஸ்பீக்கர்ல பாட்டு வேற. டேட் மாத்த முடிஞ்சா ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரி போங்க, அதே மலை வேற மலையா இருக்கும்.

பிரம்மதால் ஏன்னா, அங்க பாக்கறதுக்கு உச்சி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முகடு ஏறின ஒடனே த்ரிஷூலும் (7,120 மீட்டர்) நந்தா குன்டியும் (6,309 மீட்டர்) எதிர்ல வந்து நின்னுக்கும், அதுக்கப்புறம் அந்த முகட்டு மேல மணிக்கணக்கா நடக்கறோம், மலையும் கூடவே வருது. எனக்கு ட்ரெக்ல பிடிச்சதே அந்த நடைதான், உச்சில பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுக்கறது இல்ல. ஏரிய பத்தி மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பிரம்மதால் ஏரி எங்கனு கைட கேட்டேன், "அதுமேலதான் நின்னுட்டு இருக்கீங்க"னாரு, எல்லாம் வெள்ளை, என்னத்த கண்டேன். ஓக் மரமும் ரோடோடென்ட்ரானும் இருக்கற காடு, மார்ச் கடைசில போனா கீழ செவப்பு பூவும் மேல மிச்ச பனியும் சேர்ந்தே கெடைக்கும். கஷ்டம்னு பாத்தா கேதார்காந்தா அளவுதான், முகட்டுல காத்து அடிக்கறப்போ கொஞ்சம் கூட, அதனால காத்து புகாத ஜாக்கெட் ஒண்ணு நல்லதா எடுத்துக்கோங்க.

செலவு? உத்தராகண்ட் ரெண்டும் ஏறக்குறைய சமம். சாதர் ட்ரெக் ஃபீஸே அதுல ரெண்டு மடங்குக்கு மேல, அதுக்கும் மேல லே ஃப்ளைட், இன்ஷூரன்ஸ், பர்மிட், சும்மா ஒக்காந்திருக்கற நாளுக்கு ரூம் வாடகை. இவ்வளவும் கட்டிட்டு ஆறு தொறந்துகிச்சுன்னா திரும்ப வேண்டியதுதான், எனக்கு அதான் நடந்துச்சு. நேரக் ஊர் பக்கத்துல ஒறைஞ்சு நிக்கற அருவிய பாக்கத்தான் எல்லாரும் போறது, அதுக்கு ஒரு நாள் நடை இருக்கறப்போ முன்னாடி ஐஸ் ஒடஞ்சு பாறைக்கு பாறை தண்ணி, ஒரு நாள் காத்திருந்தோம், மூடல, திரும்பிட்டோம். யார் மேலயும் தப்பு இல்ல. 2014 கடைசி நாள் மலை சரிஞ்சு, ஜன்ஸ்கார்ல வந்து சேர்ற ஒரு ஆத்த புக்தால்ங்கற எடத்து கிட்ட அடைச்சு ஒரு ஏரியே உருவாயிடுச்சு, அந்த சீசன் சாதர் மொத்தமா தடை, 2015 மே மாசம் அந்த ஏரி ஒடஞ்சு பாலங்கள அடிச்சுட்டு போச்சு. ஆறு அப்படித்தான்.

"ரோடு வந்துடுச்சு, சாதர் அழியப் போகுது, அதுக்குள்ள போயிடுங்க"னு விளம்பரம் பண்றாங்க பாருங்க, அது எனக்கு ஒத்துக்கல. லே பக்கத்துல இருக்கற நிம்முல இருந்து ஜன்ஸ்கார்ல பதும் வழியா ஹிமாச்சல் தார்ச்சா வரைக்கும் போற ரோடு 2024 மார்ச்ல ஒண்ணா சேந்துடுச்சு, முன்னாடி சில்லிங் கிராமத்துல இருந்து ஐஸ்ல நடந்த தூரத்துல பெரும்பகுதி இப்போ ஜீப்லயே போயிடலாம், உண்மைதான். ஆனா ஜன்ஸ்கார் ஜனங்க அந்த ஐஸ் மேல நடந்தது அட்வென்ச்சருக்கு இல்ல, பனில பாதை எல்லாம் அடைச்சுகிட்டா வெளிய போக அது ஒண்ணுதான் வழி, வெண்ணெய லே-ல கொண்டு போய் விக்கணும், புள்ளைங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டு போகணும். எங்க கூட ஸ்லெட்ஜ் இழுத்துட்டு வந்த பெரியவர்கிட்ட ரோடு வந்தா உங்களுக்கு வருத்தமானு கேட்டேன், கைடு மொழிபெயர்த்தாரு, அவர் சிரிச்சிட்டு டீய நீட்டினாரு. கேள்வி எவ்வளவு மடத்தனமா இருந்துச்சுனு அப்போதான் எனக்கே உறைச்சுது.

அதனால மொத தடவைன்னா பிரம்மதால். டிசம்பர் கடைசி லீவ்தான் கெடைக்கும்னாலும் பிரம்மதால்தான், அப்பவும் அங்க கேதார்காந்தா அளவுக்கு நெரிசல் இல்ல. உச்சி ஆசை இருந்தா ரெண்டாவது வருஷம் கேதார்காந்தா. சாதர், பனில ரெண்டு தடவ தூங்கி பழகின பின்னாடி, பாதில திரும்பினாலும் பரவால்லனு மனசார சொல்ல முடியற அன்னிக்கு புக் பண்ணுங்க. எங்க போனாலும் ராத்திரி தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் புடிக்கும், காலைல நிமித்தினா வாய் அடைக்காம தண்ணி வரும்.